ஏழு படியும் ஒரு சுவரும்

கடல் வரைபட அலுவலகத்தில் அவளுக்குப் 'பிளேடு அக்கா' என்று பெயர். அறுவை போடுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை நிச்சயம் என்று பியூன் கேலி செய்வான். மையால் எழுதிய எண் தப்பாகிவிட்டால் வரைபடம் வரைகிற துணியிலிருந்து அதைச் சவர பிளேடால் சுரண்டி எடுப்பார்கள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால், அங்கே ஒரு தப்பு இருந்தது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஊரார் தப்பெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். அவளே செய்த பெரிய தப்பு ஒன்றே ஒன்று. அதை மட்டும் அவள் சுரண்டவில்லை.

வேலை இதுதான். அலுவலகத்துப் படகு கடலில் கோடு போட்டாற்போல நேராகப் போய் நேராகத் திரும்பும். வழியெல்லாம் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, ஆழத்தைப் படகு எழுத்தர் நோட்டில் எழுதுவார். கடல் ஒரே மட்டத்தில் நிற்கிற சாமானா? காலையில் வற்றிக் கிடக்கும், மத்தியானம் பொங்கியிருக்கும். எந்த நேரத்தில் தண்ணீர் எத்தனை அடி ஏறியிருந்தது என்று படகுத்துறை அளவுக் கம்பத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு தனியாக வரும். நோட்டிலிருக்கும் ஆழத்திலிருந்து அந்த ஏற்றத்தைக் கழித்து, மிச்சத்தை வரைபடத்தில் எழுத வேண்டும். கழிப்பதும் எழுதுவதும் அவள் வேலை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு நாள் படகு எழுத்தருக்குக் காய்ச்சல். பதிலுக்குப் போனவர் புது ஆள், அதிலும் கொஞ்சம் அதிகப்பிரசங்கி. கரைக்கு வந்ததும் அளவுக் கம்பத்துக் குறிப்பைத் தானே வாங்கி, ஏற்றத்தைக் கழித்து, அழகாகச் சுத்தப்பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டார். கழித்தாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னாரா என்றால், இல்லை. அவள் வழக்கம்போல இன்னொரு தடவை கழித்தாள்.

படகு அன்றைக்குப் போன குடாவில் கடலடி வெறும் சேறு. பாய் விரித்த மாதிரி எங்கே பார்த்தாலும் அறுபது அடி. காலையில் ஏற்றம் எதுவும் இல்லை, அதனால் அறுபது அறுபதாகவே விழுந்தது. பிறகு தண்ணீர் ஒவ்வொரு அடியாக ஏற ஏற, அவள் வரைபடத்தில் கடலடியும் ஒவ்வொரு அடியாக மேலே வந்தது. ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று படிப்படியாக ஐம்பத்து மூன்று வரைக்கும். மறுநாள் பழைய எழுத்தர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டார், பக்கத்துக் கோட்டிலிருந்து மறுபடி அறுபது. ஆக, சமமான ஏழு படி, உச்சியில் ஒரு மேடை, அதை ஒட்டிச் செங்குத்தாக ஏழடிச் சுவர். கடவுளும் கட்டவில்லை, மனிதனும் கட்டவில்லை. ஒரு நாளைய கடலேற்றம் கழித்தல் கணக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

அச்சாகிப் பத்து நாள் கழித்து, பழைய நோட்டுகளை அடுக்கும்போது அவள் கண்ணில் பட்டது. தலைமை வரைவாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் வரைபடத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"ஆழத்தை ஜாஸ்தியா காட்டியிருந்தா கப்பல் தரை தட்டும். கம்மியாத்தானே காட்டியிருக்கே? ஒதுங்கிப் போவாங்க. இதால யாரும் சாக மாட்டாங்க. பேசாம போம்மா, ரெண்டு பேர் வேலையும் போயிடும்."

அவளுக்கு அப்பா அம்மா இல்லை. பள்ளிக்கூடம் போகிற தம்பி ஒருத்தன் இருந்தான். வேலை போனால் அவன் சட்டைக்கும் புத்தகத்துக்கும் வழி கிடையாது. பேசாமல் போனாள். தலைமை வரைவாளர் காலாகாலத்தில் மாலையும் கையுமாக ஓய்வு பெற்று நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அவளுக்குக் கணவராக வந்தவர் புவியியல் வாத்தியார். கடல் கொண்ட நாடு என்று ஆரம்பித்தால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. கடலுக்கு அடியில் நகரம் இருக்கிறது, தெரு இருக்கிறது, தேடுகிறவனுக்குத்தான் துப்பில்லை என்று பள்ளிக்கூடத்திலும் சவரக்கடையிலும் ஒரே மாதிரி பேசுவார். வீட்டில் பேசமாட்டார். வீட்டில் மேசை, நாற்காலி, அவள். இந்த வரிசையில்தான் அவர் கண்ணுக்குப் பட்டாள் என்று சொன்னால் மேசைக்குக் கோபம் வராது.

அலுவலகத்தில் மடிப்பு விழுந்த வரைபடங்களை ஊழியர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கெட்டித் தாள், சமையலறை அலமாரியில் விரிக்க வாகாக இருக்கும். பியூன் கட்டிக் கொடுத்த தாள்கட்டுக்குள் அந்தக் குடாவின் தாளும் வந்துவிட்டது. தூக்கிப்போடாமல், எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து விரித்தாள். தாள் கவிழ்ந்தால் தப்பும் கவிழ்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை டப்பாவை எடுக்கப்போன வாத்தியார், டப்பாவையும் தாளையும் சேர்த்து இழுத்துக் கீழே போட்டார். சர்க்கரையைத் தட்டிவிட்டுப் பார்த்தவருக்குத் தலைகால் புரியவில்லை.

இயற்கைக்கு நேர்கோடு போடத் தெரியாது என்றார். ஏழு படியும் ஒரே உயரம், இது மனிதன் கை என்றார். பிறகு, கல்யாணமாகி ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, "இங்க வா, பக்கத்துல உட்காரு" என்றார்.

உட்கார்ந்தாள். அவர் கை அவள் தோளில் விழுந்தது. அது தன் தப்பு என்று சொன்னால் அந்தக் கை எடுபட்டுவிடும். வேலைக்குப் பயந்து முன்பு வாயை மூடியவள், இந்தத் தடவை அந்தக் கைக்காக மூடினாள். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

கை ஒரு மாதம் இருந்தது. அதற்குள் தேடல் மன்றம் என்று ஒன்று முளைத்துவிட்டது. வாத்தியார் தலைவர். கூட்டமெல்லாம் அவர்கள் வீட்டு முன்னறையில்தான். வருகிறவர்களுக்கு டீ கொடுப்பது அவள். டீயோடு சேர்த்து அவளையும் பரிமாறுவார் வாத்தியார். இந்த ஏழு படியையும் என் மனைவி தன் கையாலேயே எழுதியிருக்கிறாள், என்ன எழுதினோம் என்று அவளுக்கே தெரியாது, எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். வருஷத்துக்கு நாலு கூட்டம் என்றால் நாலு தடவையும் இந்தப் பேச்சு உண்டு. அவள் கப்புகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போவாள். சிரிங்க, நல்லா சிரிங்க என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வாள். எட்டு வருஷத்தில், சொல்லாமல் இருப்பதே அவளுக்கு ஒரு ருசியாகிவிட்டது. வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்தத் தப்புதான்.

தம்பி இதற்குள் வளர்ந்து துறைமுகத்தில் முக்குளிப்பவனாக ஆகியிருந்தான். கப்பல் அடிப்பாகத்தில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுகிற வேலை. அக்காவும் தம்பியும் சுரண்டிப் பிழைக்கிற குடும்பம் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். தண்ணீரிலேயே கிடந்ததால் 'தவளை' என்று கூப்பிடுவார்கள். மன்றத்தார் ஒரு நாள் அவனைப் பார்த்தார்கள், வாத்தியாரைப் பார்த்தார்கள். குடாவில் இறங்கிப் படியைத் தொட்டுப் பார்க்க, வீட்டிலேயே ஆளை வைத்துக்கொண்டு எதற்கு வெளியில் தேட வேண்டும்? தவளையும் மாமா சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டான்.

புறப்படுவதற்கு முதல் நாள், இடுப்பில் கட்டுகிற கயிற்றை வாத்தியார் வீட்டிலேயே அளந்தார். வாசற்படியில் அவர், கொல்லைக் கதவில் அவள். நடுவில் கயிறு. ஐம்பத்து மூன்று அடி, முடிச்சுக்கு இரண்டு, கைக்கு இரண்டு. கடலடிக்கு ஏழு அடி குறைகிறது என்று முனையைப் பிடித்திருந்த அவளுக்குத் தெரியும். அன்றைய ஏற்றத்தைச் சேர்த்தால் இன்னும் குறையும். அப்போது அவள் போட்ட கணக்கு இது: கயிறு எட்டாது. எட்டாவிட்டால் தம்பி அந்தரத்தில் தொங்கிப் பார்த்துவிட்டு, படியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று மேலே வந்து சொல்வான். அவள் வாய் திறக்காமலே எல்லாம் முடிந்துவிடும். நல்ல கணக்குத்தான். கழித்தலில் அவள் கெட்டிக்காரி.

தவளை கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டான். அவள் முகம் சரியில்லை என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"என்னக்கா பேயறைஞ்ச மாதிரி இருக்கே? ஒண்ணும் இல்லேன்னா, ஒண்ணும் இல்லேன்னு வந்து சொல்லிடறேன். அவ்வளவுதானே?"

"பார்த்துப் போடா" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவன் ஐம்பத்து மூன்றில் தேடியிருக்கிறான். கால் எதிலும் படவில்லை. மாமா சொன்ன இடத்தில் இல்லாமல் எங்கே போகும், கொஞ்சம் கீழே இருக்கும் என்று நினைத்திருப்பான். கயிறு இழுத்துப் பிடித்தது. இடுப்பு முடிச்சை அவிழ்த்துவிட்டான். கலங்கல் தண்ணீரில், யாரோ எப்போதோ விட்டுப்போன வலையில் கால் மாட்டிக்கொண்டது. மேலே படகில் இருந்தவர்கள் கயிற்றை இழுத்தபோது அது லேசாக வந்தது. மறுநாள்தான் உடல் கிடைத்தது. இரண்டு கையிலும் சேறு, நகத்துக்குள்ளெல்லாம் சேறு. இருபத்தாறு வயது.

வாத்தியார் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். சுவரைத் தொட்டுவிட்டுத்தான் போனான் என்றார். நின்றவர்கள் அழுதார்கள். அன்றே சொல்லியிருக்கலாம் அவள். சொன்னால், கயிற்றின் முனையைப் பிடித்தவள் நீதானே என்று யாராவது கேட்பார்கள். யாரும் கேட்காவிட்டாலும் அவளே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த வருஷத்திலிருந்து தவளையின் நினைவு நாளில் மன்றம் கூடும். தம்பி படத்துக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், அவளுக்கு ஒரு நாற்காலி. இருபத்திரண்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாத்தியாருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, கை கால் போயிற்று. கண் மட்டும் மிச்சம். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் கற்றுக்கொடுத்த பாஷை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து பேசிய பாஷை அது ஒன்றுதான். அவள் குளிப்பாட்டினாள், துடைத்தாள், குழைத்த சாதத்தை ஸ்பூனால் ஊட்டினாள். அக்கம்பக்கத்தில் அவளை அம்மன் மாதிரி பேசினார்கள். அவள் காத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

அவள் ஓய்வு பெற்ற மறு மாதம், அலுவலகம் கருவி பொருத்திய கப்பலை அனுப்பி அந்தக் குடாவைப் புதிதாக அளந்தது. அக்காவுக்குப் பிடிக்குமே என்று பழைய பியூன் ஒரு தாளைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அவள் கதவைத் தாழிட்டாள். கட்டிலருகே போய், தாளை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

"பாருங்க. அறுபது, அறுபது, அறுபது. படியும் இல்ல, சுவரும் இல்ல. ஒரே ஏற்றத்தை நான் ரெண்டு தடவை கழிச்சுட்டேன். அவ்வளவுதான் உங்க நாடு. எழுதினவளுக்குப் படிக்கவும் தெரியும்."

முப்பது வருஷம் ஊறவைத்த பேச்சு. அந்த முகம் இடிந்து விழுவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் அவள் அத்தனை நாளும் ஊட்டினாள், துடைத்தாள். முகம் விழவில்லை. கண் மெல்ல நகர்ந்து அலமாரியின் மேல்தட்டுக்குப் போய் நின்றது. அங்கே அவருடைய பெரிய நிலப்பட நூல் இருந்தது. இதுவா என்று கேட்டாள். ஒரு தடவை மூடித் திறந்தார்.

நூலுக்குள் ஒரு தாள். வாத்தியாரின் மணிமணியான கையெழுத்து. படகுத்துறைக்குப் போய்ப் பழைய ஏற்றக் குறிப்பைக் கேட்டு வாங்கி எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் ஒன்று, இரண்டு என்று ஏழு வரை ஏற்றம். எதிர்ப்பக்கம் ஐம்பத்தொன்பது முதல் ஐம்பத்து மூன்று வரை படிகள். கீழே, 'இரண்டு முறை கழிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. அதற்கும் கீழே தேதி. தம்பி இறங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"கயிறு வெட்டும்போது தெரியுமா?"

ஒரு தடவை.

அறுபதுக்கு மேல் வெட்டினால் மன்றத்தார் ஏன் என்று கேட்டிருப்பார்கள். தலைவர் பதவிக்காக ஐம்பத்து மூன்று வெட்டியிருக்கிறார். அவள் எழுந்து அவர் கழுத்தில் கையை வைத்திருப்பாள். ஆனால் அவர் கண் அவளை விடவில்லை. அவள் கேட்ட கேள்வியையே அது திருப்பிக் கேட்டது. மறுமுனையைப் பிடித்தவள் நீ, உனக்குத் தெரியுமா? வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளுடைய கண்ணும் ஒரு தடவை மூடித் திறந்தது.

மறுநாள் மதியம், அவள் சாதத்தைக் குழைத்துக்கொண்டிருக்கும்போது மன்றச் செயலாளர் வந்தார். மருந்துக்கடைக்காரர், தங்கமான மனிதர், வாத்தியாருக்கு மாத்திரை கொடுத்தால் காசு வாங்கமாட்டார். புதுத்தாள் விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கருவியெல்லாம் சேற்றைத்தான் பார்க்கும், சேற்றுக்கு அடியில் இருப்பதைப் பார்க்காது என்றார். வருகிற நினைவு நாளன்று மறுபடி ஆள் இறக்கப்போகிறோம், துறைமுகத்திலேயே ஒரு பையன் கிடைத்திருக்கிறான், போன மாதம்தான் கல்யாணமானவன் என்றார். ஐயா கையால் அளந்த பழைய கயிறு வீட்டில் இருக்குமே, அதே அளவுக்கு ஒன்று வெட்டிக்கொள்ள வேண்டும் என்றார்.

"நல்ல பையன்மா. ஒண்ணும் இல்லேன்னா ஒண்ணும் இல்லேன்னு வந்து சொல்லிடறேன், அவ்வளவுதானேங்கறான்."

அவள் ஸ்பூனைக் கிண்ணத்திலேயே போட்டாள். முப்பத்து மூன்று வருஷம் வெளியாள் முன்னால் வராத வார்த்தை அப்போது வந்தது, அடுக்கடுக்காக வந்தது. காய்ச்சலில் படுத்த எழுத்தர், இரண்டு கழித்தல், கயிற்றின் இரண்டு முனை, எல்லாவற்றையும் சொன்னாள். வாத்தியார் எழுதிய தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். செயலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணும் எழுத்துமாக அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். தம்பியைப் பறிகொடுத்தவள், நோயாளியோடு தனியாகக் கிடக்கிறவள் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. கட்டில் பக்கம் குனிந்தார்.

"ஐயா, அம்மா சொல்றது நிஜங்களா?"

வாத்தியார் கண்ணை மூடித் திறந்தார். மறுபடியும் மூடித் திறந்தார்.

அவள் கெஞ்சினாள். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவள் மருந்துக்கடைக்காரரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நகரம் இருந்துவிட்டுப் போகட்டும், சுவர் இருக்கட்டும், கயிற்றை மட்டுமாவது எண்பது அடியாக வெட்டுங்கள் என்றாள். அவர் மெதுவாக அவள் விரலை விடுவித்தார்.

"ஐம்பத்து மூணுக்கு எண்பது எதுக்கும்மா? ஐயா, பழைய அளவே போதுமில்லீங்களா?"

ஒரு தடவை. தெளிவாக, நிதானமாக, ஒரே ஒரு தடவை.

ஐயாவின் கையெழுத்து, கண்ணாடி போட்டு மன்றத்தில் மாட்டிவிடுகிறோம் என்று தாளைப் பத்திரமாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு செயலாளர் போனார். கயிற்றைப் பிறகு ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

வாத்தியாருக்குச் சாப்பாட்டு நேரம். ஸ்பூனுக்காக வாயைத் திறந்தார். அவள் கிண்ணத்தைக் கட்டிலுக்கு எட்டாமல் ஸ்டூலின்மேல் வைத்தாள், அவர் பார்க்கிற மாதிரி. செருப்பை மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்தாள். அவர் கண் மூடித் திறந்தது, மறுபடி மூடித் திறந்தது, மூன்றாவது தடவையும் மூடித் திறந்தது. மூன்று தடவைக்கு அவர்கள் பாஷையில் அர்த்தம் கிடையாது. அவள் கதவைப் பூட்டிக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் நடந்தாள். அந்தப் பையனின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. போகிற வழியில் கயிற்றுக்கடையில் நின்று எண்பது அடி கேட்டாள். கடைக்காரர் அளவுகோலை எடுத்தார். அவள் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"குடுங்க, நானே அளந்துக்கறேன்."